சிம்டேகாவில் ஒரு சிறுமியின் சாவு: ரேஷன் கார்டும் பெண்ணின் பசியும்

2017 செப்டம்பர் 28-ஆம் தேதி இரவு, ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் ஜல்டேகா வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பல நாட்களாக அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. கடைசி நேரத்தில் அவள் “பாத், பாத்” என்று சோறு கேட்டுக்கொண்டே இருந்ததாக அவளுடைய தாய் பின்னால் சொன்னார். வீட்டில் இருந்தது தேயிலையும் உப்பும்தான். உப்புப் போட்டுத் தேநீர் காய்ச்சி மகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவள் பிழைக்கவில்லை.

இந்தச் சாவு நாடு முழுவதும் செய்தியானது. ஆதார் எண்ணை ரேஷன் கார்டோடு இணைக்காததால் ஒரு குழந்தை செத்தது என்றுதான் பெரும்பாலும் எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் இதே நிகழ்வை அந்தத் தாயின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. வீட்டுக்குச் சோறு தேடுவது அவர் பொறுப்பு. சோற்றை நிறுத்தும் முடிவு எங்கோ எடுக்கப்பட்டது, அதைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை. மகள் செத்த பிறகு பழியும் அவர் மேலேயே விழுந்தது. பெண்ணின் நிலை, வறுமை, பசி என்று நாம் மூன்று தலைப்புகளாகப் பிரித்துப் பேசும் விஷயங்கள் இந்த ஒரு வீட்டில் ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதை முழுமையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வீட்டு நிலைமை

சிம்டேகா, ஒடிசா எல்லையை ஒட்டிய காட்டு மாவட்டம். மக்களில் பெரும்பான்மையோர் பழங்குடியினர். மானாவாரி நெல், காட்டில் கிடைக்கும் பொருட்கள், கூலி வேலை, வெளியூர்ப் பிழைப்பு என்று வாழும் பகுதி. இந்தக் குடும்பத்துக்கு நிலம் இல்லை. தகப்பனார் மனநலம் சரியில்லாதவர், வேலைக்குப் போக முடியாது. தாயும் மூத்த மகளும் புல் அறுத்து விற்றார்கள். பல் துலக்கும் குச்சியை ஒடித்துக் கட்டுக் கட்டாகச் சந்தையில் விற்றார்கள். ஒரு நாளெல்லாம் உழைத்தாலும் இதில் கிடைப்பது சில்லறைக் காசுதான். ஆகவே அந்த வீடு இரண்டு தூண்களில் நின்றது: ஒன்று, ரேஷன் அரிசி. மற்றொன்று, பள்ளிக்கூடத்து மதிய உணவு.

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை. மிக ஏழைகளான அந்த்யோதயா குடும்பம் என்றால் மொத்தமாக 35 கிலோ. ஜார்க்கண்டில் அப்போது கிலோ ஒரு ரூபாய்க்குக் கொடுத்து வந்தார்கள். அந்த அரிசிதான் மாதக்கணக்காக இந்த வீட்டுக்கு வராமல் நின்றிருந்தது. டீலரிடம் கேட்டால் கார்டு ஆதாரோடு இணைக்கப்படவில்லை, பெயர் பட்டியலில் இல்லை என்று பதில்.

இரண்டாவது தூண் செப்டம்பர் கடைசியில் சாய்ந்தது. துர்கா பூஜை விடுமுறைக்காகப் பள்ளி மூடியிருந்ததால் மதிய உணவும் கிடைக்கவில்லை என்று அப்போது வந்த செய்திகள் கூறின. இங்கே சட்டத்தின் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். பள்ளிக் குழந்தைக்கு நாள்தோறும் ஒரு வேளை இலவச உணவு என்று சொல்லும் அதே பிரிவு, பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்றும் சொல்கிறது. 2004-இல் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்கச் சொன்னது. வயிற்றுக்கு விடுமுறை இல்லை என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சட்டம் எழுதியபோது நாடாளுமன்றம் அதை மறந்துவிட்டது. அந்த ஓட்டைக்குள்தான் இந்தக் குழந்தையின் கடைசி நாட்கள் விழுந்தன.

கார்டு எப்படிப் போனது

2017 பிப்ரவரி 8-ஆம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மானிய தானியம் பெற ஆதார் கட்டாயம். ஆனால் ஆதார் எண் கிடைக்கும் வரை வேறு அடையாளச் சான்று காட்டி வாங்கலாம் என்றும் அதில் இருந்தது. அடுத்த மாதமே ஜார்க்கண்ட் தலைமைச் செயலாளர் மாவட்ட அதிகாரிகளோடு காணொளிக் கூட்டம் நடத்தினார். ஏப்ரல் 5-க்குப் பிறகு ஆதார் இணைக்காத கார்டுகள் எல்லாம் செல்லாது என்று உத்தரவு போனது. மாநில உணவுத் துறை அமைச்சராக இருந்த சரயூ ராய், இப்படிக் கார்டுகளை ரத்து செய்தது தவறு என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். அமைச்சர் ஒன்று சொல்ல, தலைமைச் செயலகம் வேறொன்று சொல்ல, கீழே இருந்த அதிகாரிகள் எதைக் கேட்டிருப்பார்கள் என்பது நிர்வாகம் தெரிந்தவர்களுக்குப் புரியும். இலக்கு வைத்துக் கேட்பவர் சொன்னதைத்தான் கேட்பார்கள்.

2017 செப்டம்பரில் மாநில அரசு தன் ஆயிரம் நாள் ஆட்சியைக் கொண்டாடியது. 11 லட்சத்துக்கும் அதிகமான போலி ரேஷன் கார்டுகளைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டோம், இத்தனை கோடி மிச்சம் என்று அப்போது அறிவித்தார்கள். சிறுமி இறந்தது அதே மாதக் கடைசியில். அவள் வீட்டுக் கார்டும் நீக்கப்பட்டவற்றில் ஒன்று.

அந்தக் குடும்பத்திடம் ஆதார் இல்லாமல் இல்லை. 2013-லேயே அவர்களுக்கு ஆதார் எண் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஆதார் ஆணையமே விளக்கம் கொடுத்தது. தன் மேல் தவறில்லை என்று காட்டத்தான் ஆணையம் அதைச் சொன்னது. ஆனால் விஷயம் இன்னும் மோசமாகிறது. எண் இருக்கிறது, கார்டு இருக்கிறது, ஆள் இருக்கிறார், பசி இருக்கிறது. ஒரு எண்ணை இன்னொரு எண்ணோடு கணினியில் சேர்க்கும் வேலை மட்டும் நடக்கவில்லை. அந்த வேலை யாருடையது? அரசு ஊழியருடையது. தண்டனை யாருக்கு? கார்டு வைத்திருந்தவருக்கு.

போலிக் கார்டுகள் என்று சொன்னவை உண்மையில் போலிகள்தானா என்று பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தன்கர் ஆய்வு செய்தார்கள். குலுக்கல் முறையில் எடுத்த 10 மாவட்டங்களில், 2016 முதல் 2018 வரை நீக்கப்பட்ட கார்டுகளை வீடு வீடாகத் தேடிப் போனார்கள். 2020-இல் வந்த முடிவுப்படி, நீக்கப்பட்டவற்றில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிஜக் குடும்பங்களுடையவை. ஆளே இல்லாத கார்டுகள் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். அரசு சொன்ன மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

கார்டு தப்பினாலும் அடுத்த தடை கடையில் இருந்தது. கைரேகை இயந்திரம். பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2017-இல் ஜார்க்கண்டில் 32 கிராமங்களில் 900 குடும்பங்களிடம் கணக்கெடுத்தார்கள். கைரேகை வைத்தால்தான் அரிசி என்று இருந்த கிராமங்களில் சுமார் 20 சதவீதக் குடும்பங்கள் ரேஷன் வாங்க முடியாமல் இருந்தன. பழைய முறையே தொடர்ந்த கிராமங்களில் அது 4 சதவீதம். புல் அறுக்கிற, சாணி அள்ளுகிற, பாத்திரம் தேய்க்கிற, அடுப்பில் வேகிற கையின் ரேகை சீக்கிரம் தேய்ந்துவிடும். யார் கை அது என்று சொல்ல வேண்டியதில்லை.

குடும்பத் தலைவி என்ற பெயர்

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது. வீட்டில் 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவரே ரேஷன் கார்டைப் பொறுத்தவரை குடும்பத் தலைவர். வயது வந்த பெண் இல்லாவிட்டால்தான் ஆண். உணவு பெண்ணின் கையில் போனால் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும் என்ற அனுபவத்திலிருந்து வந்த விதி இது. நான் இதை வரவேற்பவன்தான்.

ஆனால் தலைவி என்று எழுதிய பிறகு அவருக்கு என்ன அதிகாரம் வந்தது என்று பார்க்க வேண்டும். கார்டை நீக்கும் முன் அவருக்கு ஒரு நோட்டீஸ் கூட அனுப்பவில்லை. நீக்கிய பிறகும் யாரும் சொல்லவில்லை. கடைக்குப் போய்த் திரும்பும்போதுதான் தெரிகிறது. முறையிட வேண்டுமானால் வட்டார அலுவலகத்துக்குப் போக வேண்டும். போக வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், மனு எழுத ஒருவரைப் பிடிக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜார்க்கண்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் சுமார் 55 சதவீதம். அதிலும் நிலமில்லாத வீட்டுப் பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லாதவரிடம்தான் இவ்வளவு அலைச்சலையும் கேட்கிறோம்.

சட்டத்தில் இதற்கும் வழி எழுதியிருக்கிறது. தானியம் கொடுக்காவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்று பணம் தர வேண்டும் என்கிறது 8-ஆவது பிரிவு. மாவட்டக் குறைதீர்ப்பு அதிகாரி, மாநில உணவு ஆணையம், ஊர் மட்டத்தில் கண்காணிப்புக் குழு என்று அடுக்கடுக்காக அமைப்புகள் உண்டு. இந்த வீட்டு விஷயத்தில் உள்ளூர் செயற்பாட்டாளர்கள் சிறுமி உயிரோடு இருக்கும்போதே மாவட்ட நிர்வாகத்திடம் புகார் சொல்லியிருந்தார்கள். அதாவது தகவல் மேலே போகாமல் இல்லை. போன தகவலுக்கு மதிப்பு இல்லை.

கார்டு குடும்பத்துக்கு என்பதால் வரும் சிக்கல் வேறு. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பதற்கு மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். நடுவில் அவள் எந்தக் கணக்கிலும் இல்லை. பெரும்பாலும் அவள் கர்ப்பமாக இருக்கும் காலமும் அதுதான். விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் தனிக் கார்டு கேட்டால், மகன் வீட்டுக் கார்டில் இருங்கள் என்பார்கள். மகன் சோறு போடுகிறானா என்று கார்டு கேட்காது.

தாய்க்கு நேர்ந்தது

மகள் இறந்த செய்தி அக்டோபர் நடுவில் வெளியே வந்ததும் அரசு முதலில் சொன்னது, அவள் மலேரியாவில் இறந்தாள் என்று. தாய் அதை ஏற்கவில்லை. என் மகள் பசியில் செத்தாள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பட்டினிச் சாவு என்ற பேச்சு வந்தாலே எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் அதிகாரிகள் ஒரு நோயின் பெயரைச் சொல்வார்கள். மருத்துவப்படி அது முழுப் பொய்யாகக்கூட இருக்காது. நீண்ட நாள் பசித்த உடம்பு வெறும் பசியால் மட்டும் அடங்குவது குறைவு. எதிர்ப்புச் சக்தி போய், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ நிமோனியாவோ வந்து முடிக்கும். சோறு தின்ற குழந்தை மூன்று நாளில் எழுந்து விளையாடும் காய்ச்சலில், சோறு தின்னாத குழந்தை போய்விடும். ஆகவே மலேரியாவா பசியா என்று கேட்பதே தவறான கேள்வி. இறந்தவர் வீட்டில் கடந்த ஒரு மாதம் என்ன சமைத்தார்கள், ரேஷன் எப்போது கடைசியாக வந்தது, வேலை இருந்ததா, கடன் கொடுத்தவர் உண்டா என்று கேட்க வேண்டும். பிணக்கூறு ஆய்வில் வயிற்றில் ஒரு பிடி சோறு இருந்தது என்று காட்டிப் பசி இல்லை என்று நிறுவுவது, இறந்தவரை இரண்டாம் முறை பட்டினி போடுவதற்குச் சமம்.

தாயின் வாய்மொழிதான் இந்த வழக்கின் முதல் சாட்சியம். அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்று கிராமத்தினர் சிலர் அவர் வீட்டுக்கு வந்து ஏசி, சாமான்களை எறிந்து தகராறு செய்தார்கள். வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர் வீட்டை விட்டு வெளியேறி வேறிடத்தில் தஞ்சம் புகுந்தார். பிறகு போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கு இந்த நிகழ்வு முழுவதிலும் மிகவும் வலிப்பது இதுதான். அரிசி கொடுக்காத டீலர் மேல் ஊர் கோபப்படவில்லை. கார்டை நீக்கிய அலுவலகத்துக்கு யாரும் கூட்டமாகப் போகவில்லை. பிள்ளைக்குச் சோறு போடுவது தாயின் கடமை, போட முடியாமல் போனது அவளுக்கு அவமானம், அந்த அவமானத்தை வெளியே சொன்னது இன்னும் பெரிய குற்றம். இந்தக் கணக்கு சிம்டேகாவில் மட்டும் இல்லை, நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அடுப்பு எரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று தண்ணீரைக் கொதிக்க வைத்த பாட்டிகளின் கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அப்படிப் பசியை மறைத்து வீட்டு மானத்தைக் காப்பதையும் பெண்ணின் வேலையாகவே வைத்திருக்கிறோம். அந்தத் தாய் அதைச் செய்ய மறுத்தார். அவர் மறுத்ததால்தான் நமக்கு இந்த விஷயமே தெரிந்தது.

கடைசியில் சாப்பிடுபவர்

ஒரு வீட்டுக்குள் உணவு எப்படிப் பங்காகிறது என்பது புள்ளிவிவரத்தில் நேரடியாகத் தெரியாது. உடம்பில் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாய், பிரசவம் என்று பெண்ணுடம்புக்கு இரும்புச்சத்து அதிகம் வேண்டும் என்பது சரி. ஆனால் அதிகம் வேண்டியவருக்கு அதிகம் கொடுக்கும் வழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? முந்தைய 2015-16 கணக்கில் பெண்களின் அளவு 53 சதவீதம். குறைய வேண்டியது கூடியிருக்கிறது. ஜார்க்கண்டில் 65 சதவீதம். உயரத்துக்கேற்ற எடை இல்லாத பெண்கள் அங்கே நான்கில் ஒருவருக்கும் மேல்.

மக்கள்தொகை ஆய்வாளர் டயான் காஃபி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. கர்ப்பம் தரிக்கும் நேரத்தில் இந்தியப் பெண்களில் 42 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள் என்று அவர் கணக்கிட்டார். நம்மைவிட ஏழை நாடுகள் நிறைந்த, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அது 16.5 சதவீதம். வருமானம் மட்டும் காரணமாக இருந்தால் இப்படி வராது. இளம் மருமகள் வீட்டின் கடைசிப் படியில் இருக்கிறாள். மாமனார், கணவன், மைத்துனன், குழந்தைகள், மாமியார் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதுதான் அவளுக்கு. வட மாநிலங்களில் நடந்த கணக்கெடுப்புகள் இந்த வழக்கம் இன்னும் பரவலாக இருப்பதைக் காட்டுகின்றன. நல்ல விளைச்சல் இருக்கும் வீட்டில் இதனால் அவளுக்குக் குழம்பும் பருப்பும் குறையும். ரேஷன் நின்ற வீட்டில் சோறே இருக்காது.

அப்படி எடை குறைந்த பெண் பெறும் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஜார்க்கண்டில் ஏறக்குறைய 40 சதவீதம். குழந்தையின் பசி தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

இதைத் தெரிந்துதான் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் பேறுகால உதவி என்று எழுதினார்கள். அதை நடைமுறைப்படுத்த 2017-இல் வந்த மத்திய திட்டம் 5,000 ரூபாய் என்றும், முதல் குழந்தைக்கு மட்டும் என்றும் சுருக்கியது. இரண்டாவது குழந்தை பெண்ணாகப் பிறந்தால் மட்டும் 6,000 என்பது பிறகு சேர்ந்தது. கர்ப்பிணி என்ன பெறப் போகிறாள் என்று பார்த்துத்தான் அவளுக்குச் சோற்றுக்குப் பணம் தரலாமா என்று அரசு முடிவு செய்கிறது. மூன்றாவது குழந்தைக்குக் கர்ப்பமான கூலிக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குத்தான் பெரும்பாலும் ரத்தசோகை அதிகம்.

அடுத்தடுத்து இறந்தவர்கள்

சிம்டேகா சாவுக்குப் பிறகு ஜார்க்கண்டில் இதைப் போன்ற சாவுகளை உணவு உரிமைக்கான இயக்கத்தினர் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்கள். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எத்தனை வயதான பெண்கள் என்று தோன்றும். கட்வா மாவட்டத்தில் 2017 டிசம்பர் தொடக்கத்தில் 64 வயது விதவை ஒருவர் இறந்தார். அவருடைய ஓய்வூதியம், கணவரின் முதல் மனைவி பெயரிலிருந்த கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த முதல் மனைவி இறந்து ஏறக்குறைய 25 வருடம் ஆகியிருந்தது. ஆதார் இணைப்பில் நடந்த குளறுபடி. அதே மாவட்டத்தில் அதே மாதக் கடைசியில் இன்னொரு மூதாட்டி. அவர் வீட்டுக்கு ரேஷன் வராமல் போனதற்குக் கைரேகை இயந்திரத்தின் கோளாறு காரணமாகச் சொல்லப்பட்டது. 2018 ஜூனில் கிரிடி மாவட்டத்தில் ரேஷன் கார்டே இல்லாத வீட்டில் ஒரு பெண்மணி.

இவர்கள் யாரும் பஞ்சத்தில் இறக்கவில்லை. 2016-17-இல் இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் சுமார் 27.5 கோடி டன். அதுவரை இருந்த விளைச்சல்களில் அதுதான் அதிகம். 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் ராஜஸ்தான் வறட்சியை முன்வைத்து உச்ச நீதிமன்றம் போனபோதும் இதே நிலைதான்: கிடங்கில் தானியம் மலையாக இருந்தது, வெளியே மக்கள் பசித்திருந்தார்கள். அந்த வழக்கில்தான் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு, அங்கன்வாடி எல்லாம் உரிமையாக மாறும் உத்தரவுகள் வந்தன. பதினாறு வருடம் கழித்தும் குழந்தைக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரு எண் நின்றது.

சாகாமல் பிழைத்த பெண் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிம்டேகா, கும்லா, குந்தி மாவட்டங்கள் வேறொரு காரணத்துக்காகவும் அடிக்கடி செய்தியில் வரும். அங்கிருந்து சிறுமிகளை வீட்டு வேலைக்கென்று டெல்லிக்கு அழைத்துப் போகும் தரகர்கள். நன்றாகச் சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் முதலில் சொல்லும் ஆசை வார்த்தை. சம்பளம் தரகர் கையில் போகும், சிலர் பூட்டிய வீட்டுக்குள் வருடக்கணக்கில் கிடப்பார்கள், சிலர் திரும்பி வருவதே இல்லை. பிள்ளையை அனுப்பிய தாய் விற்றுவிட்டாள் என்று ஊர் பேசும். வீட்டில் வைத்திருந்தால் பட்டினி, அனுப்பினால் இது. அந்தத் தாய்க்கு முன்னால் மூன்றாவது வழி ஒன்றை யாரும் வைக்கவில்லை.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை

இங்கே இப்படி நடக்காது என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள். ஓரளவு சரிதான். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொது. 2016 நவம்பரில் தேசியச் சட்டத்துக்குள் வந்த பிறகும் யார் ஏழை என்று பிரித்து மற்றவர்களைக் கழிக்கும் வேலையை மாநிலம் செய்யவில்லை. கழிக்கும் வேலை இல்லாத இடத்தில் தவறாகக் கழிக்கப்படுவதும் இல்லை. சிம்டேகா நிகழ்விலிருந்து எடுக்க வேண்டிய நிர்வாகப் பாடத்தில் பெரும்பகுதி இதிலேயே இருக்கிறது.

ஆனால் கார்டும் அரிசியும் உறுதியாக இருக்கும் தமிழ்நாட்டிலும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரிசி வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து அவள் தட்டுக்குப் போகிற வழியை எந்தத் திட்டமும் சரிசெய்யவில்லை. அரிசியோடு பருப்பும் முட்டையும் கீரையும் வேண்டும், அவற்றை வாங்கும் காசு அவள் கையில் இருக்க வேண்டும், வாங்கியதில் தனக்கென்று எடுத்துக்கொள்வது சுயநலம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

வழக்கு, அப்புறம்

சிறுமியின் சாவு செய்தியான சில நாட்களில், 2017 அக்டோபர் 24-ஆம் தேதி, ஆதார் இல்லை என்பதற்காக யாருடைய பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது, தானியம் மறுக்கக்கூடாது என்று மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. மேலே சொன்ன கட்வா, கிரிடி சாவுகள் நடந்தது அந்தக் கடிதத்துக்குப் பிறகு. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு மானியங்களுக்கு ஆதாரைக் கேட்பது செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது.

அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. எழுத்தறிவோ பணமோ பின்புலமோ இல்லாத அவர், தன் இன்னொரு மகளோடு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். மூத்த வழக்கறிஞர் காலின் கான்சால்வஸ் வாதாடினார். ஆதார் இணைக்காததால் நாடு முழுவதும் சுமார் 3 கோடி கார்டுகள் நீக்கப்பட்டுள்ளன என்பது மனுவின் வாதம். மத்திய அரசு அதை மறுத்தது. 2021 மார்ச்சில் தலைமை நீதிபதி பாப்டே தலைமையிலான அமர்வு, இது மிகவும் தீவிரமான விஷயம், விசாரித்தே ஆக வேண்டும் என்று சொல்லி மத்திய அரசிடமும் மாநிலங்களிடமும் பதில் கேட்டது.

2023 ஜனவரி முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானியம் இலவசம். விலை போனது நல்லதே. ஆனால் அந்தக் குழந்தையைக் கொன்றது ஒரு ரூபாய் விலை அல்ல, பட்டியல். அந்தப் பட்டியல் வேலை நின்றபாடில்லை. கார்டில் உள்ள ஒவ்வொருவரும் ஆதார் வழியாகத் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இ-கேஒய்சி நடவடிக்கை வந்து, கெடு வைப்பதும் நீட்டிப்பதுமாகப் போனது. சரிபார்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீக்கப் போகும் பெயர்களைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். கார்டில் தலைவி என்று பெயர் உள்ளவர் வீட்டுக்கு ஆள் போய், அவர் மொழியில் காரணம் சொல்லி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அவர் மறுப்புச் சொன்னால் அதைத் தீர்த்து முடிக்கும் வரை அரிசி நிற்கக்கூடாது. நிறுத்தினால், நிறுத்திய அதிகாரியின் பெயர் கோப்பில் இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு அரசாணை போதும்.